பக்கத்து நிறம் செய்யும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற நாட்களில் கலியாண அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை என்று வடிவமைப்பு வேலை. இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிற கேள்வி சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: "அங்கே நல்லாயிருந்த நிறம் இங்கே ஏன் இப்படி இருக்கிறது?" ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

ஒரே நிறம் இரண்டு இடத்தில் வேறுவேறாகத் தெரியும் என்கிறீர்கள். உண்மையாகவா?

நான் சொல்வதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். புத்தகக் கடையில் சாம்பல், மஞ்சள், கடும் நீலம் என்று மூன்று பிரிஸ்டல் மட்டை வாங்குங்கள். சாம்பல் மட்டையில் தீப்பெட்டி அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை மஞ்சளின் நடுவிலும் மற்றதை நீலத்தின் நடுவிலும் வையுங்கள். மஞ்சளில் இருக்கும் துண்டு கொஞ்சம் கறுத்து, நீலம் ஏறியது போலத் தெரியும். நீலத்தில் இருப்பது வெளுத்து, லேசாக மஞ்சள் தட்டும். இரண்டும் ஒரே மட்டையில் வெட்டியவை என்று உங்கள் கைக்குத் தெரியும். ஆனாலும் கண் கேட்காது. எத்தனை வருடம் இதைச் செய்திருந்தாலும் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

இதில் இருக்கும் ஒழுங்கு எளிது. ஒரு நிறம் தன் பக்கத்தில் இருப்பதைத் தனக்கு எதிரான பக்கமாகத் தள்ளும். வெளிர் நிறம் அயலைக் கறுக்கச் செய்யும், கடும் நிறம் வெளுக்கச் செய்யும். சிவப்பு தன் அயலுக்குப் பச்சைச் சாயல் கொடுக்கும், பச்சை சிவப்புச் சாயல் கொடுக்கும். மஞ்சளுக்கு எதிரே நீலமும் ஊதாவும் இருக்கின்றன, செம்மஞ்சளுக்கு எதிரே நீலம். சாம்பல் போன்ற மங்கிய நிறங்கள் அதிகமாக வளைந்துகொடுக்கும். பளிச்சென்ற சிவப்பை அசைப்பது கடினம்.

அப்படியென்றால் கண் நம்மை ஏமாற்றுகிறதா?

இல்லை. கண் தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் இப்படித் தெரிகிறது.

காலிமுகத் திடலில் நண்பகல் வெயிலில் ஒரு பத்திரிகையை விரித்துப் பாருங்கள். நேர் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). வீட்டு அறைக்குள் 300 லக்ஸ் இருந்தாலே நல்ல வெளிச்சம். கறுப்பு மை தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் 5 பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது என்று வைத்தாலும், வெயிலில் அது 5,000. அறைக்குள் இருக்கும் வெள்ளைத் தாள் நூற்றில் 80 பங்கைத் திருப்பினாலும் 240தான். வெயிலில் இருக்கும் கறுப்பு எழுத்து, அறைக்குள் இருக்கும் வெள்ளைத் தாளை விடப் பல மடங்கு அதிக ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. ஆனாலும் எழுத்து கறுப்பாகவும் தாள் வெள்ளையாகவும்தான் தெரிகின்றன. கண் ஒளியின் அளவை மட்டும் பார்த்திருந்தால் வீட்டுக்குள் வந்ததும் உலகமே மாறிப்போயிருக்கும். அது பக்கத்தோடு பக்கம் வைத்து வித்தியாசத்தைப் பார்க்கிறது. அந்தப் பழக்கம்தான் மட்டைத் துண்டு விஷயத்திலும் வேலை செய்கிறது.

விழித்திரையிலேயே இதற்கு ஏற்பாடு இருக்கிறது. குதிரைலாட நண்டின் கண்ணை ஆராய்ந்த ஹார்ட்லைன் என்ற அமெரிக்கர், ஒளி பட்ட ஓர் உணர்கலம் தன் அயலில் இருப்பவற்றை அடக்கிவைக்கிறது என்று காட்டினார். 1967இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். நம் கண்ணிலும் இதுபோன்ற அடக்குதல் உண்டு. எல்லாவற்றையும் இது ஒன்றே விளக்கிவிடாது, மூளையும் பின்னால் நிறையக் கணக்குப் போடுகிறது. மயில்கழுத்துப் பட்டைப் பற்றிய கேள்வியில், கோடு போட்ட துணியை வைத்து அதைப் பார்ப்போம்.

இதை முதலில் கவனித்தது யார்?

ஓவியர்களுக்கு இது நெடுங்காலமாகத் தெரியும். லியனார்டோ டா வின்சியின் குறிப்புகளிலேயே இருக்கிறது. ஆனால் விதியாக எழுதிவைத்தவர் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது ஒரு வாடிக்கையாளரின் முறைப்பாட்டில் தொடங்குகிறது.

பாரிஸில் கோப்லன் என்ற அரச நெசவுச்சாலையில் 1824இல் அவர் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக வந்தார். சில சாயங்களைப் பற்றி முறைப்பாடு இருந்தது. அதில் ஒன்று: நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழல் கொடுக்கப் போடும் கறுப்பு நூல் போதிய அளவு கறுப்பாக இல்லை. அவர் வேறு பட்டறைகளின் கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த நீலம் அந்தக் கறுப்புக்கு ஒரு செம்மஞ்சள் சாயலைக் கொடுத்து, வெளுத்துப்போனது போலக் காட்டியிருக்கிறது. நூலைத் தனியே எடுத்துப் பார்த்தால் நல்ல கறுப்பு. வேதியியலில் விடை தேடி வந்தவருக்கு விடை கண்ணில் கிடைத்தது. 1839இல் அதைப் பெரிய நூலாக வெளியிட்டார். 1786இல் பிறந்து 1889இல் இறந்தவர், 102 வயது வரை வாழ்ந்தார்.

சாயக்காரரைத் திட்டுவதற்கு முன் அயலைப் பார் என்பது இன்றைக்கும் எங்கள் அச்சு வேலையில் அப்படியே பொருந்தும்.

அக்கா, கடையில் சாறியும் பிளவுஸ் துணியும் அச்சாகப் பொருந்தின. மண்டபத்தில் பார்த்தால் பொருந்தவே இல்லை. ஏன்?

இங்கே இரண்டு காரணம் இருக்கலாம். இரண்டையும் குழப்பக்கூடாது.

முதலாவது வெளிச்சம். இரண்டு துணிக்கும் வேறுவேறு சாயம். கடையின் எல்இடி விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், மாலை நேரத்து மஞ்சள் விளக்கில் பிரிந்துபோகும். சாறிக் கடைகளில் பழைய ஆட்கள் துணியை வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அது சரியான பழக்கம். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். இரண்டிலும் பொருந்தினால்தான் பொருத்தம்.

இரண்டாவது அயல். கடையில் பிளவுஸ் துணியை எதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள்? பெரும்பாலும் சாறியின் உடலில் வைத்திருப்பீர்கள். ஆனால் கட்டும்போது தோளில் பிளவுஸுக்குப் பக்கத்தில் வருவது கரை. அரக்குக் கரை வைத்த பச்சைச் சாறி என்றால், அந்த அரக்கு பிளவுஸின் பச்சையைத் தூண்டிவிடும். அதே பச்சை கீழே சாறியில் அமைதியாக இருக்கும், மேலே கத்தும். அதனால் துண்டுத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சாறியையே கொண்டுபோய், கரையை மடித்துப் பிளவுஸ் துணியின்மேல் வைத்து, நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

கூறைச் சேலைக்கு நான் சொல்வது இன்னொன்று: ஒரே நிறத்தில் பிளவுஸ் தேடி அலையாதீர்கள். கிட்டத்தட்ட ஒன்றான இரண்டு நிறங்களைப் பக்கத்தில் வைத்தால்தான் இடையே உள்ள சிறிய வித்தியாசம் பெரிதாகும். கொஞ்சம் துணிந்து இரண்டு படி தள்ளிப் போனால் அது தேர்வாகத் தெரியும். அரைப் படி தள்ளிப் போனால் தவறாகத் தெரியும்.

மயில்கழுத்துப் பட்டில் நீலமும் பச்சையும் சண்டை போடாமல் கலந்துவிடுகின்றனவே?

அருமையான கேள்வி. மயில்கழுத்தில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஒரு நிறம். ஊடை, அதாவது குறுக்கு நூல், வேறு நிறம். நூல் அவ்வளவு மெல்லியது என்பதால் கண்ணால் தனித்தனியாகப் பிரிக்க முடியாது, இரண்டும் சேர்ந்து மூன்றாவது நிறமாக வந்துசேரும். மடிப்பு அசையும்போது ஒரு நேரம் பாவும் ஒரு நேரம் ஊடையும் முன்னுக்கு வரும்.

அதாவது நிறப்பரப்பு பெரிதாக இருந்தால் அயல் ஒன்றையொன்று தள்ளும். மிகச் சிறிதாகப் போனால் ஒன்றோடொன்று கலக்கும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. கோடு தனியாகத் தெரியும், ஆனாலும் நிறம் பக்கத்துக்கு ஒட்டிக்கொள்ளும். பெட்ஸோல்ட் என்ற ஜெர்மன் வானிலை அறிஞர் 1874இல் இதைப் பற்றி எழுதினார். கம்பள வடிவத்தில் ஒரே ஒரு நிறத்தை மாற்றினால் மற்ற எல்லா நிறங்களும் மாறியது போலத் தெரிவதை அவர் காட்டினார்.

புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலைப் போய்ப் பாருங்கள். ஜாமிஉல் அல்பார் என்பது அதன் பெயர், 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தது. தெருவில் கிட்ட நின்றால் சிவப்பு சிவப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் கோடுகள் நெருங்கி நெருங்கி, மெல்லிய பகுதிகள் இளஞ்சிவப்பாகத் தெரியத் தொடங்கும். ஒரே சுவர்தான், நீங்கள் நிற்கும் தூரம்தான் வேறு. என் மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது அவர்கள் முன்னும் பின்னும் நடந்து, எந்த இடத்தில் மாறுகிறது என்று தரையில் சோக்குக் கட்டியால் அடையாளம் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடம்.

பழக்கடையில் தோடம்பழத்தைச் சிவப்பு வலைப்பையில் போட்டு விற்பதும் இதே வித்தை. வலையின் சிவப்பு பழத்தில் ஒட்டிக்கொண்டு, பழுத்தது போலக் காட்டும். வீட்டில் பையைப் பிரித்துப் பார்த்தால் காய்.

கோடு போட்ட துணியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. கறுப்பு வெள்ளைக் கோடுகளில், கறுப்புக் கோட்டின் ஒரு துண்டுக்குப் பதிலாகச் சாம்பல் போட்டால், அந்தச் சாம்பலின் இரண்டு பக்கமும் வெள்ளைதான். முதல் விதிப்படி அது கறுத்துத் தெரிய வேண்டும். ஆனால் வெளுத்துத் தெரிகிறது. 1979இல் வைட் என்ற அவுஸ்திரேலியர் எழுதியது இது. கண்ணின் அடக்குதல் மட்டும் காரணம் என்றால் இப்படி வராது. எது எதன்மேல் கிடக்கிறது என்று மூளை முதலில் முடிவெடுக்கிறது, நிறம் அதற்குப் பிறகுதான் என்று சொல்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள்.

மண்ணிறம் வானவில்லில் ஏன் இல்லை?

ஏனென்றால் மண்ணிறம் என்று தனி ஒளியே கிடையாது. தன்னைச் சுற்றி அதைவிடப் பிரகாசமான ஏதாவது இருக்கும்போது, மங்கிய செம்மஞ்சள்தான் நமக்கு மண்ணிறமாகத் தெரிகிறது. ஒரு சொக்லேட் நிற அட்டையின்மேல் நல்ல வெளிச்சம் அடித்து, உட்பக்கம் கறுப்புப் பூசிய குழாய் வழியாக அட்டையை மட்டும் பாருங்கள். அயல் மறைந்துவிடும், அட்டை செம்மஞ்சளாக மாறும். குழாயை எடுத்தால் திரும்பவும் மண்ணிறம்.

பக்கத்து நிறம் என்பது நிறத்தைக் கொஞ்சம் திருத்துகிற விஷயம் என்றே முன்பு நினைத்திருந்தேன். இதைச் செய்து பார்த்த அன்றைக்கு அந்த எண்ணம் போய்விட்டது. அயல் இல்லாவிட்டால் சில நிறங்களே இல்லை.

கறுப்பாக இருப்பவர்கள் பளிச்சென்ற நிறம் போடக்கூடாது என்று அம்மா சொல்கிறார். உண்மையா?

உண்மை இல்லை. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கும் ஒவ்வொரு பிள்ளையின் முகமும் எனக்கு நினைவிருக்கிறது, அதனால் நீட்டிச் சொல்கிறேன்.

அந்த விதி கண்ணிலிருந்து வந்தது இல்லை. வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையிலிருந்து வந்தது. கண் செய்வது இவ்வளவுதான்: முகத்துக்குப் பக்கத்தில் வெள்ளையோ வெளிர் நிறமோ வந்தால் தோல் ஆழமாகத் தெரியும், கடும் நிறம் வந்தால் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். நம் தோலில் இருப்பது மேலே சொன்ன மண்ணிறம்தான், அடியில் செம்மஞ்சள். நீலமோ மயில்கழுத்தோ பக்கத்தில் வந்தால் அந்தச் செம்மஞ்சள் வெளியே வந்து முகத்தில் சூடு ஏறும். செம்மஞ்சளையே பக்கத்தில் போட்டால் அந்தச் சூடு கொஞ்சம் தணியும். இதில் எது அழகு என்று விதி சொல்லாது. ஆழ்ந்த தோலில் மாம்பழ மஞ்சள் எரிகிற மாதிரி வெளிர் தோலில் எரியாது, ஏனென்றால் அங்கே வெளிச்ச வித்தியாசம் போதாது. நான் படம் வரைபவள், என் கண்ணுக்கு அந்த மஞ்சள்தான் அழகு. உங்கள் அம்மாவிடம் கண்ணாடி முன்னால் இரண்டு சாறியையும் போட்டுக் காட்டுங்கள்.

செட்டியார் தெரு நகைக்கடைகளில் தங்கத்தை ஏன் சிவப்பு வெல்வெட்டில் வைக்கிறார்கள்?

கடும் நிறம் என்பதால் தங்கம் பளிச்சிடும், அதுதான் முதல் காரணம். அதோடு சிவப்பு தன் அயலுக்குப் பச்சைப் பக்கமாக ஒரு தள்ளு கொடுப்பதால், செம்பு கலந்த சிவந்த தங்கம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். கடும் நீல வெல்வெட்டில் வைத்தால் மஞ்சள் இன்னும் ஊறும். வாங்குவதற்கு முன் நகையை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். போடப்போவது அங்கேதானே.

சுவருக்குப் பெயிண்ட் தேர்ந்தெடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

என் சொந்த அனுபவம். முன்பு இருந்த வீட்டில் பழைய சிவப்புச் சீமெந்துத் தரை, மினுக்கி மினுக்கிக் கண்ணாடி மாதிரி இருக்கும். நான் நிற அட்டையைப் பார்த்து நல்ல சாம்பல் ஒன்று தேர்ந்தெடுத்தேன். இரண்டு பூச்சு அடித்து முடித்த பிறகு சுவர் பாசி பிடித்தது போலப் பச்சையாக நின்றது. கலந்தவர் தவறு செய்துவிட்டார் என்று நினைத்து வாளியில் மிஞ்சியதை வெள்ளைத் தாளில் தடவிப் பார்த்தேன். சுத்தமான சாம்பல். சிவப்புத் தரை தன் எதிர் நிறத்தைச் சுவரில் ஏற்றிவிட்டது. ஷெவ்ரல் கதையைப் பத்துத் தடவை வகுப்பில் சொன்ன நானே தரையைப் பார்க்க மறந்திருந்தேன். பிறகு துளி சிவப்பு கலந்த சாம்பலை மேலே அடித்ததும் சுவர் சாம்பலானது.

அதனால், கடையில் தரும் சின்ன அட்டையை நம்பி வாங்காதீர்கள். அதைச் சுற்றி வெள்ளை இருக்கும், நிறம் கறுத்துத் தெரியும். ஒரு சின்ன டின் வாங்கி, பிரிஸ்டல் மட்டை முழுவதும் அடித்து, தரையைத் தொடும்படி சுவரில் சாய்த்துவைத்துக் காலை, மாலை, விளக்கு வெளிச்சம் என்று மூன்று நேரம் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே மாமரம் இருந்தால் இலையின் பச்சை வெளிச்சமாகவே உள்ளே வரும், அதையும் கணக்கில் எடுங்கள்.

எங்கள் கடைப் பலகையில் சிவப்பில் நீல எழுத்துப் போடச் சொன்னோம். நீங்கள் ஏன் மறுத்தீர்கள்?

எழுத்து துடிக்கும். சிவப்பும் நீலமும் நிறத்தில் வெகுவாக வேறுபட்டாலும் வெளிச்ச அளவில் கிட்டத்தட்ட ஒன்று. கண் எழுத்தின் ஓரத்தை முக்கியமாக வெளிச்ச வித்தியாசத்தை வைத்துத்தான் பிடிக்கிறது. அதோடு கண்ணின் வில்லை சிவப்பையும் நீலத்தையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் குவிக்காது, ஒன்று முன்னால் நிற்பது போலவும் மற்றது பின்னால் போவது போலவும் இருக்கும். இணையத்தளங்களுக்கான அணுகல் நெறிமுறை, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வெளிச்ச வித்தியாசமாவது வேண்டும் என்கிறது. பலகைக்கும் அந்தக் கணக்கு உதவும். கொழும்பில் ஒரே பலகையில் மூன்று மொழி வருகிறது. நெருக்கமான சுழிகள் உள்ள சிங்கள, தமிழ் எழுத்துகள்தான் முதலில் கலங்கிப்போகும். பேருந்தில் போகிறவர் படிக்க முடியாத பலகையை என் கையால் செய்ய மனம் வரவில்லை.

அந்த இரண்டு நிறமும் வேண்டும் என்றால் நடுவில் வெள்ளையோ மஞ்சளோ ஒரு கோடு போடுங்கள். நம் தேசியக் கொடியைப் பாருங்கள். பச்சைப் பட்டையும் செம்மஞ்சள் பட்டையும் மெரூனை நேரே தொடுவதில்லை, நடுவில் மஞ்சள் நிற்கிறது. பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீட் 1939, 1940இல் வரைந்த சுவரோவியங்களிலும் அழுத்தமான கோடுதான் உருவங்களைத் தாங்கி நிற்கும். கோடு நடுவில் வந்தால் அயலின் தள்ளு குறையும், ஒவ்வொரு நிறமும் தன் இடத்தில் இருக்கும்.

போனில் ஒரே நிற எண்ணைத்தான் போட்டேன். இரண்டு இடத்தில் வேறாகத் தெரிகிறது.

எண் சரிதான். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றால் ஒரு பக்கத்தில் எண்ணை மாற்றுங்கள், தப்பில்லை.

நிறக்குருடு உள்ளவர்களுக்கும் இது நடக்குமா?

வெளிச்ச வித்தியாசம் அவர்களுக்கும் அப்படியே வேலை செய்யும். சிவப்பு, பச்சையைப் பிரிப்பதுதான் பெரும்பாலும் கடினம். வரைந்ததை ஒருமுறை கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றிப் பாருங்கள். அதிலும் பிரிந்து தெரிந்தால் பெரும்பாலும் அவர்களுக்கும் தெரியும்.

நான் வரையும் கடல் எப்போதும் மங்கலாக இருக்கிறது. இன்னும் நல்ல நீலம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். உங்கள் கடலைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீல வானம், நீலக் கடல், பச்சைத் தென்னை. நீலத்தை எதிர்த்து நிற்க ஒருவரும் இல்லை. மாலை ஐந்தரைக்குப் பிறகு காலிமுகத் திடலில் உட்கார்ந்து பார்த்தால் கடல் உண்மையில் சாம்பலுக்குக் கிட்ட இருக்கும். அடிவானத்தின் செம்மஞ்சள்தான் அதை நீலமாக்குகிறது. நீலத்தில் கொஞ்சம் சாம்பல் கலந்து மங்கவைத்து, பக்கத்தில் ஒரு கீற்றுச் செம்மஞ்சள் வையுங்கள். ஜோர்ஜ் ஸ்யூரா 1884 முதல் 1886 வரை வரைந்த பாரிஸ் ஆற்றங்கரை ஓவியத்தில் புள்ளி புள்ளியாக இதைத்தான் செய்தார், ஷெவ்ரலைப் படித்தவர் அவர்.

வீட்டில் பழகுவதற்கு ஒரு பயிற்சி சொல்லுங்கள்.

ஜோசப் அல்பேர்ஸ் என்ற ஜெர்மன் ஓவியர் அமெரிக்காவில் தன் மாணவர்களுக்குக் கொடுத்தது இது. பெயிண்ட் வேண்டாம், நிறத்தாள் போதும். பழைய சஞ்சிகைப் பக்கங்களும் சரிவரும்.

முதலில் ஒரு நிறத்தை இரண்டாகக் காட்டுங்கள். ஒரே தாளில் வெட்டிய இரண்டு துண்டு, இரண்டு பின்னணி, பார்ப்பவர் வேறு நிறம் என்று சொல்ல வேண்டும். அது கைவந்த பிறகு கடினமானது: இரண்டு வேறு நிறங்களை ஒன்றாகக் காட்டுங்கள். கடும் பின்னணியில் கொஞ்சம் கறுத்த துண்டையும், வெளிர் பின்னணியில் கொஞ்சம் வெளுத்த துண்டையும் வைத்துத் தொடங்குங்கள். பத்துத் தாளாவது வீணாகும். சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க, அந்த இரண்டு துண்டு வெட்டிய தாள்களின் மிச்சத்தைக் கீழே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். மேலே ஒன்றாகவும் கீழே இரண்டாகவும் தெரிந்தால் கொண்டுவந்து காட்டுங்கள், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன்.